கொக்கின் பெயரில் கொடுத்த ரத்தம்

விரல் நுனிகள் வலித்தன. ஆழ்குளிர் ஃப்ரீசருக்குள் கையை விட்டு எடுத்தால் வருகிற வலி. முதலில் குத்தும், பிறகு எரியும், பிறகு எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அக்கா இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு சுவரோரம் நின்றாள். ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான். அவளைவிட வயதில் மூத்த மேடமும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

மேடம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரையில் புள்ளிகள், ஆளுக்கு ஒன்று. ஒரு பக்கம் ஒல்லியான ஆட்கள், நோய் நொடி இல்லாதவர்கள். நடுவில் பருத்தவர்கள். அந்தக் கோடியில் சர்க்கரை வந்தவர்கள் கூட்டமாக அடைந்து கிடந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள் ஒரே ஒரு ஒல்லிப் புள்ளி, கல்யாண வீட்டில் வழிதவறிப் புகுந்த ஆள் மாதிரி நின்றுகொண்டிருந்தது.

அந்த ஆளிடம் எடுத்த கொழுப்பில் மிச்சம் இருந்த துண்டை மறுபடி பார்க்க மேடம் சொல்லியிருந்தாள், அக்கா அதைத்தான் செய்து முடித்திருந்தாள். மறுபடியும் அதே இடம். ரத்த ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தார்கள். மூன்று மாதச் சர்க்கரை அளவு சுத்தமாக இருந்தது. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"ட்யூப் மாறியிருக்கும் அக்கா. தப்பா எடுத்துக்காதீங்க. யாருக்கும் நடக்கும்."

அக்கா தலையை ஆட்டினாள். ட்யூப் மாற வழியில்லை என்று அவளுக்குத் தெரியும். அந்தத் துண்டை எடுத்த காலையில் ஊசிக்கு வந்தது ஒரே ஆள். மாறுவதற்கு வேறு ட்யூப் மேசையில் இல்லை. ஆனால் அதைச் சொன்னால், அந்த ஆளை எப்படி இவ்வளவு ஞாபகம் வைத்திருக்கிறீர்கள் என்று மேடம் கேட்பாள். வந்தது அவள் சொந்தத் தம்பி. அதை அவள் மேடத்திடம் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

"ஒரு சோத்தைப் பாத்துப் பதம் சொல்ல இது பானை இல்ல. ஒரு ஆளை வச்சு நோய்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது. எடுத்துடலாம்" என்று மேடம் அந்தப் புள்ளியை நீக்கினாள். திரையில் ஒல்லியானவர்கள் எல்லோரும் ஒரு பக்கமாக ஒழுங்காக நின்றார்கள்.

அக்கா செய்கிற வேலை இதுதான். தொப்புளுக்குப் பக்கத்தில் மரத்துப்போக ஊசி போட்டு, தோலுக்குக் கீழே இருக்கிற கொழுப்பில் பட்டாணி அளவு எடுப்பார்கள். அவள் அதை உடனே உறைய வைத்து, பிறகு அரைத்து, அதிலிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுப்பாள். நொய்ந்த சாமான். வெறும் கை பட்டால் போதும், கையில் இருப்பதே அதைத் தின்றுவிடும். க்ளவுஸ் போட்ட கையால் மூக்கைச் சொறிந்தால் அந்த க்ளவுஸைக் கழற்றி எறிய வேண்டும். முதல் வருஷம் முழுக்க அவளுக்கு மூக்கு அரித்துக்கொண்டே இருந்தது.

எங்கள் கொழுப்பை வைத்து என்னதான் பண்ணுகிறீர்கள் என்று தம்பி ஒருநாள் கேட்டிருந்தான். அவன் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். அவனுக்குப் புரிகிற மாதிரிதான் அவளால் சொல்ல முடிந்தது, சொல்லப்போனால் அவளுக்கே அப்படித்தான் புரிந்திருந்தது. மூட்டை எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். செக்கர் வந்து சாக்பீஸால் ஒரு குறி போட்டால் இந்த லாரி, இன்னொரு குறி போட்டால் அந்த லாரி, வேறொரு குறி போட்டால் கழிவுக்குப் போகிறது. உடம்பிலும் ஜீனிலிருந்து வேலைக்கு உத்தரவு போகும். அந்த உத்தரவுதான் ஆர்.என்.ஏ. அதன் மேல் மீத்தைல் என்று சின்னதாக ஒரு குறி விழும். போட ஒருத்தன், அழிக்க ஒருத்தன், அதைப் படித்து நடந்துகொள்ள ஒருத்தன் உள்ளே இருக்கிறார்கள். குறி இடம் மாறினால் உத்தரவில் எழுத்துத் தப்பில்லை, ஆனால் வேலை தப்பாக நடக்கும். ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை உள்ளே வாங்க வேண்டிய கொழுப்பு வாங்காமல் நிற்கலாம். அதனால்தான் சர்க்கரை நோய் வருகிறதா, நோய் வந்ததால் அப்படி ஆகிறதா என்பதைத்தான் மேடம் தேடுகிறாள்.

"செக்கர் தூங்கிட்டான்னு சொல்லு. அதுக்கு இவ்வளவு பெரிய கட்டடமா" என்று தம்பி சொல்லிவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தான்.

கிடங்கில் அவனுக்குக் கொக்கு என்று பெயர். ஒல்லி. மூட்டைக்கும் மூட்டைக்கும் நடுவில் சுவரில் சாய்ந்து ஒரு காலை மடக்கி நிற்பான். அப்பாவும் அதே கிடங்குதான், அதே உடம்புதான். அப்பாவும் கடைசி வருஷங்களில் தண்ணீர் குடித்துக்கொண்டே இருப்பார், ஒன்றுக்குப் போய்க்கொண்டே இருப்பார். உஷ்ணம் என்றார்கள். செத்தார். ஒல்லியாக இருக்கிறவனுக்குச் சர்க்கரை வரும் என்று அந்தத் தெருவில் யாருக்கும் தோன்றியதில்லை. அது உட்கார்ந்து தின்கிறவர்களுக்கு வருகிற நோய்.

மேடம் ஒல்லியான, நோயில்லாத ஆட்கள் வேண்டும் என்றபோது கிடங்கைக் காட்டிவிட்டது அக்காதான். பக்கத்துத் தெரு. கூலிக்காரர்களுக்கு இனாமாக உடம்புப் பரிசோதனை ஆகும், மேடத்துக்கு ஆள் கிடைக்கும். முதல் நாள் கிடங்கு வாசலில் உயரம், எடை பார்த்தார்கள். மறுநாள் விடிகாலை, வெறும் வயிற்றில் ரத்தம். அங்கே போனது நர்ஸுகள், அக்கா ஆய்வுக்கூடத்தில் இருந்தாள். ரிப்போர்ட் வந்ததும் அக்கா எல்லோருக்கும் முன்னால் தம்பியுடையதைத்தான் பார்த்தாள். சர்க்கரை இல்லை. அன்றைக்கு அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

தம்பியின் வலது காலில், கட்டை விரலுக்கு அடியில், ஒரு புண் இருந்தது. மழைக்கு முன்னால் வந்தது, மழை முடிந்தும் ஆறவில்லை. அவனுக்கு அது வலிக்கவில்லை. வலிக்காத புண்ணுக்கு யார் லீவு போடுவார்கள். அக்கா அவனைத் தெருமுனை டாக்டரிடம் கூட்டிப் போனாள். டாக்டர் காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, சுகர் இருக்கா என்று கேட்டார். அவன் வாயைத் திறப்பதற்குள் அக்காதான் பதில் சொன்னாள்.

"இல்ல டாக்டர். இப்பத்தான் டெஸ்ட் பண்ணினோம். ரிப்போர்ட்டை நானே பாத்தேன்."

தம்பி சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் ஒரு களிம்பு எழுதினார், பூட்ஸை மாற்றச் சொன்னார். மாற்றினார்கள். புண் கொஞ்சம் பெரிதானது.

அவ்வளவும் நடந்த பிறகுதான் திரையில் அந்தப் புள்ளி.

அன்று வீட்டுக்குப் போகும்போது அக்கா எதையும் யோசித்துக்கொண்டு போகவில்லை. களைப்பாக இருந்தது. கதவைத் திறந்ததும் ஒரு நாற்றம். எலி ஏதாவது செத்திருக்கும் என்று கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். தம்பி முக்காலியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். இடது கால் வந்தது. வலது கால் வரவில்லை. இழுத்தான். காலுறையோடு சேர்ந்து ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

அக்கா பூட்ஸைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் ஓர் ஆணித்தலை. மரப்பெட்டியில் அடிக்கிற நீள ஆணி. பூட்ஸின் அடியைத் துளைத்து உள்ளே போயிருந்தது.

எப்போது ஏறியது என்று கேட்டாள். அவன் கொஞ்சம் யோசித்தான். காலையில் பெட்டி இறக்கினோம், அப்போது இருக்கும் என்றான். சாயங்காலம் வரைக்கும் மூட்டையோடு அதன் மேல்தான் நடந்திருக்கிறான். சொல்லும்போது அவன் முகத்தில் ஒன்றுமில்லை. வேறு யாருடைய காலைப் பற்றியோ சொல்கிற மாதிரி இருந்தது.

ஆணியைப் பிடுங்கியபோதும் அவன் ஆ என்று சொல்லவில்லை. அக்காவின் விரல்கள் இன்னும் வலித்துக்கொண்டிருந்தன.

"ஊசி போட்ட அன்னிக்கு வந்தது நீ. எனக்குத் தெரியும், நான்தான் பக்கத்துல நின்னேன்" என்றாள். "அதுக்கு முன்னாடி, கிடங்கு வாசல்ல ரத்தம் குடுத்தது யாரு?"

"என் பேருல குடுத்தாச்சுக்கா."

"யாருடா குடுத்தது?"

"பீப்பாய் அண்ணன்."

கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் மேஸ்திரி பெயர் கூப்பிடுவான். ஆள் வரவில்லை என்றால் அன்றைக்கு வேலை இல்லை, வரிசையிலும் கடைசிக்குப் போய்விடுவான். அதனால் ஒருத்தன் வர முடியாவிட்டால் இன்னொருத்தன் அவன் பெயருக்குப் பதில் சொல்லி, அவன் பங்கையும் தூக்குவான். மேஸ்திரிக்கு மூட்டை ஏறினால் சரி, யார் முதுகு என்று பார்க்கமாட்டான். இதற்குக் காசு வாங்கினால் கேவலம். முறைக்கு முறைதான். நீ எனக்கு நின்றால் நான் உனக்கு நிற்பேன். நிற்காமல் செத்துப்போனால் மகன் நிற்க வேண்டும். அப்பா போனபோது அவர் பாக்கி வைத்த முறைகளைத் தூக்கிக் கழித்துத்தான் கொக்கு கிடங்குக்குள்ளேயே வந்தான்.

ரத்தம் எடுக்கிற அன்று வெறும் வயிற்றோடு வா என்று அக்கா முந்தின ராத்திரி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அவனால் முடியவில்லை. அந்த மாதங்களில் அவனுக்குப் பசி பேய் மாதிரி இருந்தது. தின்னத் தின்ன உடம்பு இளைத்தது. விடிவதற்கு முன் எழுந்து, பாத்திரத்தில் இருந்ததை எல்லாம் வழித்துத் தின்றுவிட்டு, மேலே இரண்டு டம்ளர் சர்க்கரை போட்ட டீயும் குடித்துவிட்டான். அக்கா திட்டுவாள் என்று பயம். கிடங்கு வாசலில், ராத்திரி வேலை முடித்து வெறும் வயிற்றோடு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பீப்பாய் கிடைத்தான். என் பேருக்கு நில்லு அண்ணே என்றான். பீப்பாய் தூக்கத்தை விட்டுவிட்டு வரிசையில் போய் நின்றான், கொக்கின் பெயரைக் கூப்பிட்டபோது கையை நீட்டினான்.

பீப்பாய் கிடங்கிலேயே பெரிய உடம்பு. கழுத்து இருக்கிற இடம் தெரியாது. முதல் நாள் எடை பார்த்த நர்ஸ் வேறு, ரத்தம் எடுத்தவள் வேறு. அவள் கையை மட்டும் பார்த்தாள், ஆளைப் பார்க்கவில்லை. நரம்பு கிடைக்கவில்லை என்று மட்டும் சலித்துக்கொண்டாளாம். அந்த உடம்பில் ஒரு சொட்டுச் சர்க்கரை நோய் இல்லை.

"டாக்டர் கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நீதான் இல்லன்னு சொல்லிட்டியே. ரத்தம் என்னுது இல்லன்னு நான் சொன்னா உன் வேலைக்குக் கேடு. அப்புறம் எனக்கும் அப்படித்தான் தோணிப்போச்சு. என் பேருக்கு வந்த ரிப்போர்ட் என்னுதுதானேன்னு."

இதில் அவனுக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். பெயருக்கு ஆள் நின்றாயிற்று என்றால் வேலை நடந்தாயிற்று. அக்காவுக்கு அவனை அடிக்க வேண்டும் போல ஒரு நினைப்பு வந்தது. அதற்குக்கூட கை எழவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு, மருந்துக்கடைக்குப் போய் விரலில் குத்திப் பார்க்கிற மெஷினை வாங்கிக்கொண்டு வந்தாள். முந்நூறைத் தாண்டி எங்கேயோ நின்றது. அவனை ஆட்டோவில் ஏற்றினாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருத்தன் காலைப் பார்த்தான், உள்ளே ஒரு கம்பியை விட்டுப் பார்த்தான். கம்பி எலும்பில் போய்த் தட்டியது. ஆணி இன்றைக்கு ஏறியது, அதைவிட இந்தப் பழைய புண்தான் ஆபத்து, இவ்வளவு நாள் சர்க்கரைக்கு ஒன்றுமே பார்க்கவில்லையா என்று கேட்டான். அக்கா இல்லை என்றாள். ஏன் என்று அவன் கேட்டதற்கு, இல்லையென்று நினைத்தோம் என்றாள். அவன் எழுதிக்கொண்டான்.

முதலில் விரலோடு நின்றுவிடும் என்றார்கள். பிறகு பாதத்தில் பாதி என்றார்கள். கடைசியில் கணுக்காலுக்கு மேலே எடுத்தார்கள். காரிடாரில் பெஞ்சு சில்லென்று இருந்தது. உட்கார்ந்திருந்தபோது அக்காவின் மூளைக்குள் ஓடியதெல்லாம் ஒன்றுதான்: வெட்டியதை எந்தப் பெட்டியில் போடுவார்கள், அதற்கு ஐஸ் வைப்பார்களா என்று. தொழில் புத்தி. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். அது வரவில்லை.

மயக்கம் தெளிந்ததும் தம்பி போர்வையைத் தூக்கிப் பார்த்தான். பார்த்துவிட்டு மூடினான். இப்பத்தான் அங்க வலிக்குது என்றான். இல்லாத இடத்தில் வலித்தது.

வேலைக்குத் திரும்பின அன்று அக்கா மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். தம்பி என்பது, ரத்தம் வேறு ஆளுடையது என்பது, கால் போனது. மேடம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு பழைய படத்தைத் திறந்து, நீக்கிய புள்ளியைத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். சர்க்கரைக் கூட்டத்துக்கு நடுவில் அது போய் உட்கார்ந்தது.

"அது அதோட இடத்துலதான் இருந்திருக்கு" என்றாள்.

பிறகு புள்ளியை மறுபடி எடுத்துவிட்டு, ஆனாலும் அதைச் சேர்க்க முடியாது என்றாள். பொய்ப் பெயரில் பரிசோதனை நடந்த ஆளை எந்தக் கூட்டத்திலும் சேர்க்க விதி இல்லை. ஒல்லிக் கூட்டத்திலும் இல்லை, சர்க்கரைக் கூட்டத்திலும் இல்லை. கிடங்கில் யாருக்கு யார் நின்றார்களோ தெரியாது, அதனால் அங்கே எடுத்த அத்தனை ரத்தத்தையும் கொட்டிவிட்டு, முகம் பார்த்து மறுபடி எடுக்க வேண்டும். அக்கா சரி என்றாள். உங்களை வேலையை விட்டுப் போகச் சொல்லமாட்டேன், ஆனால் இனிமேல் சொந்தக்காரர்கள் யாராவது வந்தால் முதலில் சொல்லிவிடுங்கள் என்று மேடம் சொன்னாள். அதற்கும் அக்கா சரி என்றாள். மேடம் பிறகு ஒன்று கேட்டாள்.

"அந்த இன்னொருத்தர் இருக்காரே, பருமனா, சுகர் இல்லாம. அவர் வருவாரா? அந்த மாதிரி ஆள்தான் எங்களுக்குக் கிடைக்கவே மாட்டேங்குது."

பீப்பாய் வாரம் தவறாமல் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். வரும்போதெல்லாம் கதவு நிலையில் இடித்துக்கொள்வான். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒற்றைக் காலில் நின்ற தம்பியைப் பார்த்து, இப்பத்தான்டா பேருக்கேத்த ஆளா நிக்கிறே என்றான். தம்பி சிரித்தான். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அவன் சிரித்தது அப்போதுதான். பீப்பாய் சிரிக்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்து தன் பெரிய கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான், ஊசி குத்திய இடம் இன்னும் அங்கே இருக்கிற மாதிரி.

"நான் நின்னிருக்கக் கூடாது தங்கச்சி. மூட்டைன்னு நெனச்சேன்."

அக்கா மேடம் கேட்டதைச் சொன்னாள். என் கொழுப்புக்கும் ஒரு கிராக்கி வந்துடுச்சா என்று அவன் யோசித்தான். வருகிறேன் என்றான். இந்த முறை நானே என் பேருக்கு என்றான்.

ஊசி போடுகிற நாள் குறித்தாயிற்று. இப்போது பீப்பாய்க்குப் பகல் வேலை. அந்த நாள் காலை மேஸ்திரி பெயர் கூப்பிடும்போது அவன் ஆய்வுக்கூடத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டிருப்பான். வழக்கப்படி அன்றைக்கு அவனுக்காகப் பதில் சொல்ல வேண்டியவன் கொக்கு. இரண்டு பேருக்கும் அது தெரியும், இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அன்று காலை தம்பி விடிவதற்கு முன்பே எழுந்துவிட்டான். அக்கா அவனுக்கு இன்சுலின் போட்டாள், வேலைக்குக் கிளம்பினாள். அவன் ஊன்றுகோலோடு வாசல்வரை வந்து நின்றான். எங்கே போகிறாய் என்று அவள் கேட்கவில்லை. அவன் எங்கேயும் போகவுமில்லை.

ஆய்வுக்கூடத்தில் பீப்பாய் படுக்கையில் வழிந்து கிடந்தான். மரத்துப்போக ஊசி போட்டார்கள். அக்கா க்ளவுஸ் மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். துண்டு வந்தது, மஞ்சளாக, பட்டாணி அளவுக்கு. வாங்கி உறைய வைத்தாள். ட்யூபில் எண் ஒட்டினாள். அவன் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

பீப்பாய் சட்டையை இழுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தான். கிடங்கில் இந்நேரம் பெயர் கூப்பிட்டு முடித்திருப்பார்கள் என்றான். யாராவது நின்றார்களா என்று அக்கா கேட்டாள். அவன் இல்லை என்று தலையாட்டினான். வேறு யாரிடமும் அவன் கேட்கவில்லை. கேட்டால் கொக்கின் முறையை இன்னொருத்தன் தலையில் கட்டின மாதிரி ஆகிவிடும்.

நான் நிற்கட்டுமா என்று அக்கா கேட்டாள். நீ என்ன மூட்டையா தூக்கப்போறே தங்கச்சி என்றான். பிறகு, அவன் முறை அவன்கிட்டயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, வயிற்றில் ஒட்டிய பஞ்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வெளியே போனான். வரிசையில் இனி அவன் கடைசி ஆள்.

அக்கா ட்யூபை ஃப்ரீசருக்குள் வைத்தாள். விரல்கள் வலித்தன.

கொக்கு பீப்பாய்க்கு ஒரு முறை பாக்கி.